வைஃபை பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் ரூட்டரில் டிஎன்எஸ் மாறிவிடுகிறது, ஏன்?

தாமிரபரணிக்காரன்:

வணக்கம். வீட்டில் ஃபைபர் இணைப்பு. உள்ளூர் கேபிள்காரர் மூலம் எடுத்தது, ரூட்டரும் அவர் கொடுத்ததுதான். கொஞ்ச நாளாக ஒரு தொல்லை. வைஃபையில் இருக்கும்போது சில செய்தித் தளங்களைத் திறந்தால் தானாக ரம்மி விளம்பரப் பக்கத்துக்குப் போய்விடுகிறது. அப்பாவின் போனிலும் அப்படித்தான், என் லேப்டாப்பிலும் அப்படித்தான். மொபைல் டேட்டாவுக்கு மாற்றினால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது.

ரூட்டரின் அமைப்புப் பக்கமான 192.168.1.1 போய்ப் பார்த்தேன். டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்கு அதன் எண்ணைச் சொல்கிற சேவை) என்ற இடத்தில் எனக்குத் தெரியாத ஏதோ ஒரு எண். பக்கத்து வீட்டுப் பசங்க யாராவது வைஃபையில் புகுந்திருப்பார்கள் என்று வைஃபை பாஸ்வேர்டை நீளமாக மாற்றினேன், டிஎன்எஸ்ஸையும் பழையபடி ஆட்டோவில் வைத்தேன். சில நாள் நன்றாக ஓடியது. அப்புறம் மறுபடி அதே எண் வந்து உட்கார்ந்திருக்கிறது. வைஃபையில் வேறு யாரும் இணைந்திருப்பதாகப் பட்டியலில் காட்டவில்லை. பிறகு எப்படி?

சும்மா ஒரு ஆள்:

ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. பாதிப் பிரச்சினை அதிலேயே போய்விடும்.

மூன்றாம் ஷிஃப்ட்:

இதில் போகாது. டிஎன்எஸ் எண் ரூட்டரின் அமைப்புகளில் சேமிக்கப்படுகிறது, மின்சாரம் போய் வந்தாலும் அது அங்கேயே இருக்கும்.

தாமிரபரணிக்காரன், நீங்கள் மாற்றியது வைஃபையில் சேருவதற்கான பாஸ்வேர்டு. ரூட்டரின் அமைப்புகளை மாற்றக் கேட்கும் அட்மின் பாஸ்வேர்டு வேறு. டிஎன்எஸ்ஸை மாற்றுகிறவருக்கு இரண்டாவதுதான் வேண்டும். அவர் உங்கள் தெருவில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

சில விவரம் சொல்லுங்கள். அட்மின் பக்கத்தில் நுழைய என்ன பெயர், பாஸ்வேர்டு போட்டீர்கள்? (இங்கே எழுத வேண்டாம், பெட்டியின் அடியில் ஒட்டியிருந்ததா இல்லையா என்று மட்டும் சொன்னால் போதும்.) ஃபர்ம்வேர் (ரூட்டருக்குள் ஓடும் மென்பொருள்) எந்த வருடத்துடையது? ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் ஐபி (இணைய நிறுவனம் ரூட்டருக்குக் கொடுத்த முகவரி) எதில் தொடங்குகிறது? ரிமோட் மேனேஜ்மென்ட் (தொலைவிலிருந்து நிர்வகிப்பது) என்று ஒரு வரி இருக்குமே, அது ஆன் ஆகியிருக்கிறதா?

தாமிரபரணிக்காரன்:

ஒட்டியிருந்ததுதான். எல்லோருக்கும் தெரிந்த அந்தச் சொல், பெயரிலும் அதுவே, பாஸ்வேர்டிலும் அதுவே. ஃபர்ம்வேர் 2019 என்று காட்டுகிறது. வேன் ஐபி 100.72 என்று தொடங்குகிறது. ரிமோட் மேனேஜ்மென்ட் வரி சாம்பல் நிறத்தில் இருக்கிறது, தொட முடியவில்லை.

மூன்றாம் ஷிஃப்ட்:

சரி, இப்போது படம் தெளிவாகிறது.

100.64 முதல் 100.127 வரை உள்ள எண்கள் இணைய நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது ஐபிக்குப் பின்னால் வைப்பதற்காக ஒதுக்கப்பட்டவை. ஆகவே உலகத்தில் எங்கோ இருப்பவர் ஐபிவி4 (பழைய முகவரி முறை) வழியாக உங்கள் ரூட்டரை நேராகத் தட்ட முடியாது. அது ஓரளவு நல்லது. ஆனால் மூன்று வழி மிச்சம் இருக்கிறது.

முதல் வழி உங்கள் பிரவுசர்தான். நீங்கள் ஏதோ ஒரு பக்கத்தைத் திறக்கிறீர்கள். அதில் வரும் கெட்ட விளம்பரத்துக்குள் ஒரு சிறு நிரல் இருக்கிறது. அது உங்கள் பிரவுசரையே 192.168.1.1க்கு ஒரு கட்டளை அனுப்பச் சொல்கிறது: இந்தப் பெயர், இந்தப் பாஸ்வேர்டு, டிஎன்எஸ்ஸை இதற்கு மாற்று. கட்டளை வீட்டுக்குள்ளிருந்து வருவதால் ரூட்டர் மறுபேச்சு இல்லாமல் கேட்கிறது. பாஸ்வேர்டு மாற்றாத பெட்டி என்றால் வேலை அங்கேயே முடிந்தது. 2018இல் பிரேசிலில் கோஸ்ட்டிஎன்எஸ் என்று பேர் வைத்த தாக்குதலில் லட்சத்துக்கும் மேல் ரூட்டர்கள் சிக்கின. அதில் இந்த முறையும் ஒன்று.

இரண்டாவது, உங்கள் நிறுவனத்தின் அதே வலைக்குள் இருக்கும் இன்னொரு வாடிக்கையாளரின் கெட்டுப்போன பெட்டியோ கேமராவோ. அவர்களை ஒருவரிடமிருந்து ஒருவர் பிரித்து வைக்காவிட்டால் 100.72 என்று தொடங்கும் உங்கள் ஐபி அதற்கு எட்டும்.

மூன்றாவது, அந்தச் சாம்பல் நிற வரி. உங்களுக்குத் தெரியாத இன்னொரு அட்மின் கணக்கு பெட்டிக்குள் இருக்கிறது என்பதற்கு அது அறிகுறி. அதன் பாஸ்வேர்டு அந்த நிறுவனத்தின் எல்லாப் பெட்டிக்கும் ஒன்றாகவே இருந்தால், காலனியில் எல்லா வீட்டுக்கும் ஒரே சாவி செய்து கொடுத்த மாதிரிதான்.

மீனாட்சிபுரம் டீச்சர்:

படிக்கவே பயமாக இருக்கிறது. இப்படி டிஎன்எஸ் மாறினால் பேங்க் கணக்குக்கு ஆபத்தா? நான் போனில்தான் எல்லாம் செய்கிறேன்.

மூன்றாம் ஷிஃப்ட்:

டீச்சர், டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண்ணைச் சொல்கிற சேவை. அந்தச் சேவை பொய் சொன்னால் நீங்கள் பேங்கின் பெயரைச் சரியாக அடித்தாலும் வேறு கம்ப்யூட்டருக்குப் போய் நிற்பீர்கள். பிரேசிலில் 2011இல் தொடங்கி நடந்தது இதுதான். ஒரே ஃபர்ம்வேர் ஓட்டை, ஆறு தயாரிப்பாளர்களின் மோடம்கள், 40 போலி டிஎன்எஸ் சர்வர்கள். மொத்தம் 45 லட்சம் மோடம்கள் என்று கணக்கு. காஸ்பர்ஸ்கியின் ஆய்வாளர் ஃபேபியோ அசோலினி 2012இல் அதை விவரமாகச் சொன்னார். குறி வைத்தது பிரேசில் வங்கிகளைத்தான்.

இன்றைக்கு நிலைமை அவ்வளவு மோசம் இல்லை. எச்டிடிபிஎஸ் இருக்கும் தளத்தைப் போலியாக வைத்தால் பிரவுசர் சான்றிதழ் சரியில்லை என்று முழுத்திரையில் எச்சரிக்கும். பேங்க் ஆப்களும் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால் இணையவே மறுக்கும். ஆபத்து எங்கே என்றால், அந்த எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு 'பரவாயில்லை, தொடரவும்' என்பதை அழுத்தும் இடத்தில். அதைச் செய்யாதீர்கள். ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்கு மேல் என்றால் போனின் நெட்வொர்க் அமைப்பில் பிரைவேட் டிஎன்எஸ் என்று ஒன்று இருக்கும். அதில் ஒரு நம்பகமான சேவையின் பெயரைக் கொடுத்துவிட்டால் ரூட்டர் சொல்லும் டிஎன்எஸ்ஸைப் போன் கேட்காது. ரூட்டரை அது சரி செய்யாது, ஆனால் அதுவரை போனைக் காக்கும்.

சும்மா ஒரு ஆள்:

எல்லாம் சரி, என் வீட்டு ரூட்டரில் புகுந்து என்ன எடுக்கப் போகிறான்? நான் பார்க்கும் வடிவேலு வீடியோவையா? பெரிய கம்பெனி, ராணுவம் இவற்றுக்குத்தான் இந்தப் பயமெல்லாம்.

கொடைரோடு:

இந்த வாதத்தை ஒவ்வொரு இழையிலும் யாராவது ஒருவர் வைக்கிறார். பெரும்பாலும் உங்கள் வீடியோ அவனுக்கு வேண்டாம். உங்கள் ஐபி வேண்டும், உங்கள் இணைய வேகம் வேண்டும், 24 மணி நேரமும் அணையாத ஒரு சின்ன லினக்ஸ் கம்ப்யூட்டர் வேண்டும்.

2016 அக்டோபர் 21 ஞாபகம் இருக்கிறதா? டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனம் அடி வாங்கி, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் அமெரிக்காவில் பல இடங்களில் தடுமாறியது. அடித்தது மிராய் என்ற பாட்நெட் (கைப்பற்றிய கருவிகளின் படை). அதில் இருந்தவை கேமரா, டிவிஆர், வீட்டு ரூட்டர். உள்ளே நுழைய அது வைத்திருந்தது சுமார் 60 ஜோடி பெயர், பாஸ்வேர்டு, அவ்வளவுதான். தொழிற்சாலையில் போட்டுக் கொடுத்து யாரும் மாற்றாதவை. எழுதியவர்கள் யார் என்று பார்த்தால் மைன்கிராஃப்ட் சர்வர் போட்டியில் எதிராளியைக் கவிழ்க்கக் கிளம்பிய கல்லூரி வயதுப் பையன்கள். ராணுவம் எல்லாம் இல்லை.

இன்னொன்று. 2025 மே மாதம் அமெரிக்காவில் எனிபிராக்ஸி, 5சாக்ஸ் என்ற இரண்டு சேவைகளை முடக்கினார்கள். பழைய வைஃபை ரூட்டர்களில் புகுந்து, அந்த வீட்டுக்காரர்களின் ஐபியை மாதம் 9.95 டாலரிலிருந்து 110 டாலர் வரை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். 4.6 கோடி டாலருக்கு மேல் சம்பாதித்திருப்பார்கள் என்று நீதித்துறை சொன்னது. வாடகைக்கு எடுத்தவன் உங்கள் ஐபியிலிருந்து என்ன செய்தாலும் முதலில் கதவைத் தட்டுவது உங்கள் வீட்டில்தான்.

அந்தக் கதையும் நம் நாட்டிலேயே நடந்ததுதான். 2008 ஜூலை 26 அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடம் முன்னால் வந்த மின்னஞ்சல் நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த வீட்டின் ஐபியிலிருந்து போயிருந்தது. போலீஸ் அவர் வீட்டில் போய் நின்றது. வைஃபை திறந்து கிடந்திருக்கிறது, யாரோ அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அவர் அதில் சம்பந்தப்பட்டவர் இல்லை என்று தெரிவதற்குள் அவர் பட்ட பாடு செய்தித்தாளில் வந்தது.

சும்மா ஒரு ஆள்:

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது வைஃபை பாஸ்வேர்டே இல்லாத காலம். இப்போது யார் திறந்து வைக்கிறார்கள்?

அரைகுறை அட்மின்:

பாஸ்வேர்டு போட்டதும் பூட்டிவிட்டோம் என்று நினைப்பதில்தான் சிக்கல். டபிள்யுபிஎஸ் கதை தெரியுமா? பழையதுதான், ஆனால் எனக்குப் பிடித்தது, சொல்லிவிடுகிறேன்.

நீளமான பாஸ்வேர்டு அடிக்கச் சோம்பல்படுபவர்களுக்காக டபிள்யுபிஎஸ் என்ற பெயரில் 8 இலக்க பின் ஒன்றை ரூட்டரில் வைத்தார்கள். 8 இலக்கம் என்றால் 10 கோடி வாய்ப்பு, யாரும் முயன்று பார்க்க முடியாது என்று தோன்றும். ஆனால் கடைசி இலக்கம் மற்ற ஏழையும் சரிபார்க்கும் எண், கணக்குப் போட்டால் வந்துவிடும். ஆகவே உண்மையில் ஒரு கோடி. அதோடு நிற்கவில்லை. ரூட்டர் இந்த எண்ணை இரண்டு பாதியாக வாங்கிச் சரிபார்க்கிறது, முதல் நான்கு தப்பு என்றால் அங்கேயே சொல்லிவிடுகிறது. அப்படியானால் முதல் பாதிக்கு 10,000, அடுத்த மூன்று இலக்கத்துக்கு 1,000. பெருக்கல் கூட்டலாகிவிட்டது! அதிகபட்சம் 11,000 முயற்சி. ஒரு லேப்டாப் சில மணி நேரத்தில் முடித்துவிடும். கிடைத்ததும் உங்கள் 20 எழுத்து பாஸ்வேர்டை ரூட்டரே எடுத்துக் கொடுக்கும். 2011 டிசம்பரில் ஸ்டீஃபன் ஃபீபாக் என்ற ஆஸ்திரிய மாணவர் இதை வெளியிட்டார். அப்புறம் பல தயாரிப்பாளர்கள் சில தப்பு முயற்சிக்குப் பின் பூட்டிக்கொள்ளும்படி மாற்றினார்கள். 2014இல் டொமினிக் பொங்கார்டு இன்னொரு குண்டு போட்டார்: சில சிப்களில் ரேண்டம் எண் உருவாக்கம் அவ்வளவு மட்டம், ஒரே ஒரு முயற்சியைப் பிடித்து வைத்துக்கொண்டு மிச்சக் கணக்கை வீட்டில் உட்கார்ந்து போடலாம். பூட்டு எதற்கும் உதவவில்லை.

ரூட்டரில் இருக்கும் டபிள்யுபிஎஸ் பட்டனை அழுத்தி இணைப்பது வேறு, அது இரண்டு நிமிடம்தான் திறந்திருக்கும். ஆபத்து பின்னில். பல பழைய ரூட்டர்களில் இரண்டும் சேர்ந்தே ஆன் ஆகி வரும்.

மீனாட்சிபுரம் டீச்சர்:

எங்கள் ரூட்டரிலும் அந்த பட்டன் இருக்கிறது. ஆஃப் செய்தால் இப்போது இணைந்திருக்கும் போன்கள் துண்டாகுமா?

அரைகுறை அட்மின்:

ஆகாது டீச்சர். அவை பாஸ்வேர்டை ஏற்கெனவே வைத்திருக்கின்றன. பிரிண்டர் புதிதாக இணைக்கும்போது மட்டும் பாஸ்வேர்டை நீங்களே அடிக்க வேண்டியிருக்கும்.

மூன்றாம் ஷிஃப்ட்:

அரைகுறை சொன்னது எல்லாம் சரி. ஆனால் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். டபிள்யுபிஎஸ், 2017 அக்டோபரில் மாத்தி வான்ஹூஃப் வெளியிட்ட கிராக் என்ற வைஃபை ஓட்டை, 2021இல் அவரே வெளியிட்ட ஃபிராக்அட்டாக்ஸ், இவையெல்லாம் உங்கள் வைஃபை அலை எட்டும் தூரத்தில் ஓர் ஆள் நின்றால்தான் நடக்கும். பத்திரிகையில் பெரிய எழுத்தில் வந்தவை இவைதான். கிராக் வந்தபோது எங்கள் அலுவலகத்துக்கே எத்தனை போன்! ஆனால் லட்சக்கணக்கில் ரூட்டர்கள் விழுந்த சம்பவங்களை எடுத்துப் பாருங்கள், வைஃபை அலைக்கு அதில் வேலையே இல்லை. எல்லாம் அட்மின் பக்கம் வழியாக, அல்லது நிறுவனம் தொலைவிலிருந்து நிர்வகிக்கத் திறந்து வைத்த போர்ட் (எண் போட்ட நுழைவாயில்) வழியாக நடந்தவை.

2016 நவம்பர் கடைசியில் ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாமின் 9 லட்சம் வாடிக்கையாளர்களுக்கு இணைப்பு போனது. காரணம் 7547 என்ற போர்ட். நிறுவனங்கள் ரூட்டரைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் டிஆர்-069 என்ற முறைக்கானது அது. அதை உலகம் முழுவதற்கும் திறந்து வைத்திருந்தார்கள். மிராயின் ஒரு வாரிசு அந்தப் போர்ட்டைத் தட்டிக்கொண்டே போனது. ஜெர்மன் ரூட்டர்கள் தொற்றவில்லை, தட்டல் தாங்காமல் மயங்கி விழுந்தன. இதைச் செய்தவர் ஒரு பிரிட்டிஷ் ஆள், அடுத்த பிப்ரவரியில் லண்டன் பக்கம் லூட்டன் விமான நிலையத்தில் பிடிபட்டார்.

2014 டிசம்பரில் செக்பாயின்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட மிஸ்ஃபார்ச்சூன் குக்கி என்ற ஓட்டை இன்னும் வேடிக்கை. 1.2 கோடி ரூட்டர்கள். அவற்றுக்குள் இருந்த ராம்பேஜர் என்ற சிறு வெப் சர்வரில் ஓட்டை. அதை எழுதிய நிறுவனம் 2005இலேயே திருத்திவிட்டது! ஒன்பது வருடம் கழித்தும் ரூட்டர் தயாரிப்பாளர்கள் பழைய பிரதியையே போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள்.

கொடைரோடு:

நம் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2017 ஜூலையில் பிஎஸ்என்எல் மோடம்கள் சுமார் 60,000 பாதிக்கப்பட்டதாகச் செய்தி வந்தது, எம்டிஎன்எல்லும் தப்பவில்லை. தொழிற்சாலை பாஸ்வேர்டை மாற்றாத மோடம்கள்தான் சிக்கின, மாற்றிவிடுங்கள் என்று வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டார்கள். அடித்தது பிரிக்கர்பாட். அதை எழுதிய ஆள் 'ஜேனிட்டர்' என்ற புனைபெயரில், நான் செய்வது சுத்தப்படுத்தும் வேலை, மிராய் பிடிப்பதற்கு முன் இந்தப் பெட்டிகளை நானே செயலிழக்க வைக்கிறேன் என்று நியாயம் பேசினார். அடுத்தவன் வீட்டு மோடத்தைக் கல்லாக்கிவிட்டு அது சேவையாம்.

கேபிள் கடை:

நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன், சிறிய ஆள்தான். எல்லோரும் நிறுவனத்தையும் கேபிள்காரரையும் திட்டுகிறீர்கள், எங்கள் பக்கமும் கேளுங்கள்.

வாடிக்கையாளர் மாதம் 400, 500 ரூபாய்க்கு மேல் தர மாட்டார். ரூட்டர் இலவசமாக வேண்டும். அந்த விலையில் வரும் ஓஎன்யூ (வீட்டில் ஃபைபர் வந்து சேரும் பெட்டி) எதுவோ அதைத்தான் மொத்தமாக வாங்குகிறோம். தயாரிப்பாளர் ஃபர்ம்வேர் தருவதே இல்லை, கேட்டால் புது மாடல் வாங்கு என்கிறான். தொலைவிலிருந்து நுழையும் வசதி எதற்கு என்கிறீர்கள். ராத்திரி பத்து மணிக்கு ஒரு பெரியவர் போன் செய்து வைஃபை பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்கிறார். அதற்கு ஆள் அனுப்ப முடியுமா? ஒரே பாஸ்வேர்டு வைப்பதும் அதனால்தான். லைன் பார்க்கும் பையன் ஐநூறு பாஸ்வேர்டு வைத்துக்கொண்டு ஏணியில் ஏறுவானா?

மூன்றாம் ஷிஃப்ட்:

வசதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை அண்ணா. அது யாருக்குத் திறந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. நிர்வாகத்துக்கென்று ஒரு தனி விலேன் (அதே வலைக்குள் பிரித்த தனிப் பகுதி) போட்டு, உங்கள் அலுவலக ஐபியிலிருந்து மட்டும் வரலாம் என்று கட்டுப்படுத்தினால் பையன் ஏணியில் எதையும் தூக்கிக்கொண்டு ஏற வேண்டாம். வாடிக்கையாளருக்கு வாடிக்கையாளர் தெரியாதபடி ஓஎல்டியில் (உங்கள் பக்கம் இருக்கும் ஃபைபர் பெட்டியில்) தனிமைப்படுத்தலாம். இரண்டுக்கும் காசு செலவில்லை.

கேபிள் கடை:

எங்கள் இடத்தில் தனி விலேன் இருக்கிறது. எல்லோரும் போடுவதில்லை என்பது உண்மைதான். பக்கத்து ஊர் ஆள் ஒருவர் போடாமல்தான் ஓட்டுகிறார், சொன்னால் கேட்க மாட்டார்.

அரைகுறை அட்மின்:

கேபிள் அண்ணா நேர்மையாகப் பேசியதற்கு நன்றி. ஆனால் பாஸ்வேர்டை மட்டும் பேசினால் போதாது. பாஸ்வேர்டே கேட்காமல் உள்ளே விடும் பெட்டிகளும் உண்டு. 2018 மே மாதம் ஜிபான் ஃபைபர் ரூட்டர்களில் வந்தது நினைவிருக்கலாம். முகவரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறியும் 'இமேஜஸ்' என்ற சொல்லும் சேர்த்தால் லாகின் பக்கத்தையே தாண்டி உள்ளே போய்விடலாம். பத்து லட்சத்துக்கு மேல் பெட்டிகள் அப்படி இணையத்தில் தெரிந்தன. செய்தி வெளியான சில நாளிலேயே பாட்நெட்கள் போட்டி போட்டுக்கொண்டு புகுந்தன.

2013இல் கிரெய்க் ஹெஃப்னர் ஒரு டி-லிங்க் ஃபர்ம்வேரைப் பிரித்துப் பார்த்தபோது கிடைத்ததை மறக்கவே முடியாது. பிரவுசர் தன் பெயராக ஒரு குறிப்பிட்ட எழுத்துக்கோவையைச் சொன்னால் ரூட்டர் பாஸ்வேர்டு கேட்காது. அந்தக் கோவையைத் தலைகீழாகப் படித்தால் 'எடிட் பை 04882 ஜோயல் பேக்டோர்' என்று வருகிறது. ஆள் தன் பெயரைப் போட்டு, பின்கதவு என்றும் எழுதி வைத்திருக்கிறார்!

2021இல் ஆர்காடியன் என்ற தைவான் நிறுவனத்தின் ஃபர்ம்வேரில் டெனபிள் என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்ததும் இதே ரகம். ஒரே ஓட்டை, 17 பிராண்டுகளின் பெயரில் விற்ற ரூட்டர்களில் இருந்தது, பத்து வருடத்துக்கும் மேலாக. பெட்டியின் மேல் என்ன பெயர் அச்சடித்திருக்கிறது என்பதை வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது. இந்த பிராண்டு நல்லது, அந்த பிராண்டு மோசம் என்று இங்கே அடித்துக்கொள்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

கொடைரோடு:

பிராண்டு பேச்சு எடுத்ததால்: ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் 2020இல் ஏழு தயாரிப்பாளர்களின் 127 வீட்டு ரூட்டர்களின் ஃபர்ம்வேரை ஆராய்ந்தது. குறையே இல்லாத ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 46 ரூட்டர்களுக்கு ஒரு வருடமாக எந்தப் பாதுகாப்பு அப்டேட்டும் வரவில்லை. இவை கடையில் காசு கொடுத்து வாங்கும் ரகம். இலவச ஓஎன்யூ நிலைமையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தாமிரபரணிக்காரன்:

எல்லாவற்றையும் படித்தேன், தலை சுற்றுகிறது. இப்போது நான் எதை முதலில் செய்ய வேண்டும்? கேபிள்காரரிடம் கேட்டால் 'ரீசெட் பண்ணுங்க தம்பி, சரியாகிடும்' என்கிறார்.

மூன்றாம் ஷிஃப்ட்:

ரீசெட் தேவைதான், ஆனால் வரிசை முக்கியம். அதற்கு முன் பிபிபிஓஇ (நிறுவனத்தின் இணைப்பில் நுழையும் முறை) பெயர், பாஸ்வேர்டு, விலேன் எண் மூன்றையும் அவரிடம் வாங்கி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ரீசெட்டுக்குப் பிறகு இணையமே இருக்காது. புது ஃபர்ம்வேர் ஏதாவது இருந்தால் முதலில் அதைப் போடச் சொல்லுங்கள், பிறகு ஃபேக்டரி ரீசெட், பிறகு எல்லாவற்றையும் கையால் அமைப்பது. பழைய அமைப்பைக் கோப்பாகச் சேமித்து வைத்துத் திரும்ப ஏற்ற வேண்டாம், கெட்டதும் அதோடு சேர்ந்து வந்துவிடும்.

ஏன் இந்த வரிசை என்றால், 2025இல் கிரேநாய்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்த ஏசஸ் ரூட்டர் தாக்குதலில் வைரஸ் என்று எதையும் அவர்கள் உள்ளே வைக்கவில்லை. ரூட்டரில் ஏற்கெனவே இருக்கும் எஸ்எஸ்எச் என்ற, தொலைவிலிருந்து நுழையும் வசதியை 53282 என்ற போர்ட்டில் ஆன் செய்து தங்கள் சாவியைச் சேர்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அது அமைப்புகளில் இருப்பதால் ஃபர்ம்வேர் அப்டேட் செய்தாலும் அழியவில்லை. கிட்டத்தட்ட 9,000 ரூட்டர்கள். இதற்கு நேர் எதிர் 2018இன் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல். 54 நாடுகளில் 5 லட்சம் ரூட்டர்கள், எஃப்பிஐயே எல்லோரும் ரூட்டரை ஒரு முறை அணைத்துப் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டது. அதன் முக்கியப் பாகங்கள் ரேமில் மட்டும் இருந்தன, அணைத்தால் போய்விடும். ஆனால் முதல் கட்டம் உள்ளேயே தங்கி மறுபடி அவற்றை இறக்கப் பார்க்கும். 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்று மேலே சொன்னவருக்கு இதில் பாதி மதிப்பெண் கொடுக்கலாம்.

ரீசெட் ஆனதும், இணையத்தில் வேறு எதையும் திறக்கும் முன் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். டபிள்யுபிஎஸ் ஆஃப், யுபிஎன்பி (கருவிகள் தாமாகவே போர்ட் திறந்துகொள்ளும் வசதி) ஆஃப். ஐபிவி6 இருந்தால் அதன் ஃபயர்வால் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், அதில் பொது ஐபி மறைப்பு எல்லாம் கிடையாது, ஒவ்வொரு கருவிக்கும் நேரடி முகவரி.

அந்த மறைவான கணக்கை உங்களால் மாற்ற முடியாது. அதனால் முடிந்தால் ஓஎன்யூவை பிரிட்ஜில் போடச் சொல்லிவிட்டு உங்கள் சொந்த ரூட்டரைப் பின்னால் வையுங்கள். அவர் பெட்டி ஒளியை ஈதர்நெட்டாக மாற்றும் வேலையை மட்டும் பார்க்கும்.

சும்மா ஒரு ஆள்:

வீட்டில் பழைய ரூட்டர் ஒன்று பரணில் கிடக்கிறது. அதில் ஓப்பன்டபிள்யுஆர்டி என்ற இலவச ஃபர்ம்வேரைப் போட்டுப் பயன்படுத்தலாமா? காசு மிச்சம்.

அரைகுறை அட்மின்:

பெட்டியைத் திருப்பி மாடலோடு வெர்ஷன் எண்ணையும் பாருங்கள். ஒரே மாடலில் வெர்ஷன் 2க்கும் 5க்கும் உள்ளே சிப்பே வேறாக இருக்கும், தப்பானதை ஏற்றினால் எடைக்குத்தான் போட முடியும். 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ரேம் ரகம் என்றால் விட்டுவிடுங்கள், புதிய வெளியீடுகள் அதில் ஓடாது. 16 எம்பி ஃபிளாஷ், 128 எம்பி ரேமாவது இருந்தால் தாராளமாகப் போடலாம். அப்டேட் நிறுத்தப்பட்ட மாடலை அதன் சொந்த ஃபர்ம்வேரோடு மட்டும் மறுபடி மாட்டாதீர்கள். மேலே கொடைரோடு சொன்ன பிராக்ஸி ஆட்கள் பிடித்ததே அந்த மாதிரிப் பரண் சரக்கைத்தான்.

கேபிள் கடை:

பிரிட்ஜ் கேட்டால் நான் போட்டுத் தருவேன். ஆனால் அப்புறம் வைஃபை வரவில்லை என்று என்னைக் கூப்பிடக் கூடாது, அதை மட்டும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

கொடைரோடு:

நியாயம்தான். ஆனால் எல்லாப் பொறுப்பையும் வீட்டுக்காரர் தலையில் கட்டுவதை நான் ஏற்க மாட்டேன். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் ஊருக்கெல்லாம் ஒரே பாஸ்வேர்டு போட்டு இந்த மாதிரிக் கருவிகளை விற்கவே கூடாது, எத்தனை காலம் அப்டேட் வரும் என்பதையும் விற்கும்போதே சொல்ல வேண்டும். கலிஃபோர்னியாவில் பாஸ்வேர்டு விதி 2020 ஜனவரியிலேயே வந்துவிட்டது. பெட்டிக்குப் பெட்டி வேறு பாஸ்வேர்டு அச்சடித்து ஒட்டுவதற்கு எவ்வளவு செலவாகிவிடும்? டீச்சர் மாதிரி ஒருவர் 192.168 என்று அடித்து உள்ளே போய் யுபிஎன்பியைத் தேடிக்கொண்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது தப்பு.

மீனாட்சிபுரம் டீச்சர்:

நான் போய்விட்டேன்! அட்மின் பாஸ்வேர்டு மாற்றியாகிவிட்டது, டபிள்யுபிஎஸ்ஸும் ஆஃப். யுபிஎன்பி எங்கே என்றுதான் தெரியவில்லை.

அரைகுறை அட்மின்:

அட்வான்ஸ்டு அல்லது அப்ளிகேஷன் என்ற தலைப்புக்குள் பாருங்கள் டீச்சர். சில பெட்டியில் நேட் என்பதற்குக் கீழே ஒளித்து வைத்திருப்பார்கள்.

தாமிரபரணிக்காரன்:

கேபிள்காரரிடம் பேசினேன். முதலில் முகம் சுளித்தார், அப்புறம் பிரிட்ஜ் போட்டுக் கொடுத்தார். சொந்தமாக ஒரு ரூட்டர் வாங்கினேன், பெட்டிக்கடியில் தனிப் பாஸ்வேர்டு அச்சடித்திருந்தது, அதையும் மாற்றிவிட்டேன். டிஎன்எஸ் இதுவரை மாறவில்லை. விளம்பரப் பக்கமும் வரவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும். மாடியில் சிசிடிவி டிவிஆர் இருக்கிறது, வெளியூரிலிருந்து போனில் பார்ப்போம். பொருத்திய ஆள் பழைய ரூட்டரில் ஏதோ போர்ட் திறந்து வைத்திருந்தார். இதிலும் அப்படித் திறக்கச் சொல்கிறார். திறக்கலாமா?

மூன்றாம் ஷிஃப்ட்:

வேண்டாம். மிராய் நிறையப் பிடித்ததே டிவிஆரைத்தான். டிவிஆரின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு கெஸ்ட் வைஃபையிலோ தனி விலேனிலோ போடுங்கள், உங்கள் லேப்டாப் இருக்கும் வலையில் அது வேண்டாம். வெளியிலிருந்து பார்க்க, புது ரூட்டரில் வயர்கார்டு விபிஎன் (வெளியிலிருந்து வீட்டு வலைக்குள் வரும் பூட்டிய பாதை) இருக்கிறதா என்று பாருங்கள். உங்களுக்குப் பொது ஐபி இல்லாததால் ஐபிவி4இல் போர்ட் திறந்தாலும் வேலை செய்யாது, விபிஎன்னுக்கும் அதே தடைதான். கேபிள்காரரிடம் ஐபிவி6 இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் அதன் வழியாக விபிஎன் போடலாம். மாடல் பெயர் சொன்னால் மிச்சத்தைப் பார்க்கலாம்.